பெருநாள் பிரியாணியில் உப்பு கூடியதைப் பற்றிய அறிவிப்புகள்

அன்பு மகன் நவாஸுக்கு உன் அத்தா எழுதிக்கொள்வது.

மட்டாஞ்சேரியில் இதுவரை ஒருவரும் நம்பாத, இனிமேலும் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப் போகிறேன் என்று இந்தக் கடிதத்தின் தலைவாசலில் நின்று உறுதி கூறுகிறேன். சத்தியம் மட்டும் செய்ய மாட்டேன். புளுகுக்குச் சத்தியம் செய்வது பெரும்பாவம் என்கிற அளவுக்கு மார்க்கம் எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் காயலில் போகிற படகு இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்கும் என்பது பஜாரே அறிந்தது. ஒரு முறை மிளகு ஏற்றிப் புறப்படவேண்டிய கப்பல் என் கதையின் முடிவுக்காக ஒரு நாள் முழுக்கக் காத்து நின்றது. சரி, அரை நாள். உன் அம்மாவைக் கேட்டால் அது கப்பலே இல்லை, வள்ளம் என்பாள்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மலையாளத்தில் எழுதியிருந்தால் பஸ்ஸில் போகிறபோதே முடித்திருப்பாய். என்ன செய்ய, என் புளுகுகள் எல்லாம் தமிழில் பிறந்தவை, மலையாளம் பேசினால் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் உன் அம்மா உரக்கப் படித்துக் காட்டுவாள். நடுநடுவே நிறுத்தி, "இது பொய்" என்று சொல்வாள். அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள். உன் கூட்டாளிகள் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை. நீ எனக்குப் போட்டுக் காட்டிய காணொளியை உனக்கு அனுப்பிவைத்தவன் எவனோ அவன் கட்டாயம் படிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். உன் கல்யாண அழைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் தகப்பனும் நேரில் போய்க் குடும்பத்து மூத்தவரை அழைக்க வேண்டும். அவர் வந்து தன் கையால் மாலை போட்ட பிறகுதான் மாப்பிள்ளை நிக்காஹுக்குப் பள்ளிவாசலை நோக்கிப் படி இறங்குவான். இன்றைக்கு நம் குடும்பத்தில் மூத்தவர் வைப்பின் தீவில் இருக்கிற உன் பெரியத்தா, என் அண்ணன். நீ மீனைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

"பெரியத்தாக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாலே மதி. அதுக்காக வைப்பின் வரைக்கும் போகணுமா?"

"மூத்த மனுஷன்டா," என்றாள் உன் அம்மா.

"மூத்த மனுஷன்தான் பெருநாள் பிரியாணியில வேணும்னே உப்பை வாரிக் கொட்டினாரா? வந்தவங்க முன்னாடி அத்தாவை நாணம் கெடுத்தாரு. பின்னே பிணங்கிட்டு வீட்டை விட்டும் போனாரு. அவர் கையால மாலை வேண்டாம்மா."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மீன் முள்ளைப் பார்த்தேன். உலகத்தில் எந்த மீன் முள்ளையும் எந்த மனிதனும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டான்.

"பெரியவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், மகனே," என்றேன்.

"பெரியவங்க எல்லாரும் இப்படித்தான் அத்தா. நபித்தோழர்கள், ஸஹாபாக்களே பதவிக்காக ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்களாமே. இதைக் கேளுங்க."

தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்தாய். ஒருவர் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் குதிரை கனைத்தது, வாள் உரசியது. இன்ன தோழர் இன்னவர்மேல் உள்ளுக்குள் எவ்வளவு பொறாமை வைத்திருந்தார் என்பதை, அந்தத் தோழரின் நெஞ்சுக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்போலச் சொன்னார்.

"யாருப்பா இது?"

"ஒரு பேச்சாளர். லட்சக்கணக்குல ஆளுக பார்த்திருக்காங்க."

"பார்த்தவங்க லட்சம், சரி. அன்னிக்கு அங்க இருந்தவங்க கிட்ட இருந்து இவருக்கு எப்படி வந்து சேர்ந்தது?"

"கிதாப்ல இருக்காம் அத்தா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். என்னிடம் பதில் இருந்தது. அதற்கு ஜரிகைத் தலைப்பாகை கட்டி, வெள்ளைக் குதிரையில் ஏற்றி, வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் உன் பைக் முக்குத் திரும்பிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கிதாபில் இருக்கிறது என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். நான் நாற்பது வருடம் மிளகுத் தரகு பார்த்தவன். ஒரு சரக்கு கிடங்கில் இருக்கிறது என்றால் என்ன பொருள்? கிடங்கில் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். வயநாட்டு முதல்தர மிளகும் அங்கேதான் இருக்கும், பப்பாளி விதை கலந்ததும் அங்கேதான் இருக்கும். வாங்குகிறவன் முதலில் கேட்பது, இது யார் கைமாறி வந்தது என்பது. விளைந்த தோட்டம் எது, மலையிலிருந்து இறக்கியவன் யார், வழியில் மூட்டையை யார் அவிழ்த்தார்கள். பிறகு இரும்புக் குழலை மூட்டைக்குள் குத்தி, மேலேயும் நடுவிலேயும் அடியிலேயும் எடுத்துத் தண்ணீரில் போடுவான். உள்ளே ஒன்றுமில்லாத சொள்ளை மிதக்கும். நம் பழைய சரித்திரக்காரர்களும் அப்படித்தான் கிடங்கு கட்டினார்கள். காதில் விழுந்ததை எல்லாம், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டது என்று கைமாறிய வழியோடு எழுதி வைத்துவிட்டு, நான் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், சலிப்பது உன் பாடு என்று போனார்கள். அவர்களுடைய நேர்மை அது. உன் பேச்சாளர் அந்த வழியைக் கிழித்துப் போட்டுவிட்டு மூட்டையை மட்டும் சந்தையில் வைத்து விற்கிறார்.

இதை உனக்குப் புரியவைக்க, நான் வாக்களித்த கதைக்கு இப்போது வருகிறேன். நீ கண்ணால் பார்க்காத, ஆனால் பார்த்தவனைப்போல நம்புகிற கதை. நீ பிறப்பதற்கு முந்திய வருடத்துப் பெருநாள்.

அப்போது நானும் உன் பெரியத்தாவும் பஜாருக்குப் பின்னால் இருக்கிற இதே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். இரண்டே அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு. அந்தக் காலத்து மட்டாஞ்சேரியைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். சுக்கு காய்கிற நாட்களில் காற்றே காரமாக இருக்கும். தெருவில் ஒருவன் தும்மினால் படகு ஜெட்டி வரைக்கும் எல்லாரும் வரிசையாகத் தும்மி முடிப்போம். அரிசி வள்ளங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், அவற்றின் மேலேயே நடந்து அக்கரைக்குப் போய்விடலாம். நான் போயிருக்கிறேன். பெருநாள் என்றால் பஜாரில் பாதி நம் வீட்டில்தான். காரணம் உன் பெரியத்தாவின் பிரியாணி. காலையில் தொழுதுவிட்டு வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் தேக்சா என்கிற பெரிய அண்டாவுக்கு முன்னால் நிற்பார். சமையல்காரரை வைப்பது பற்றிப் பேசினாலே கோபம் வரும். தம் போடுவதற்கு முன்னால் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் மூடி விழும். பசியோடு திண்டாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் அந்த ஒரு எழுத்துக்காகக் காது கொடுத்து நிற்போம். பிறை பார்த்த அறிவிப்புக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை.

பிறையால்தான் வினை வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த அந்திநேரத்தில், மலபார்க் கரையில் பிறை பார்த்தார்கள் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் முழங்கியது. உன் பெரியத்தா நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வரிசையில் நின்று, மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நம் பூர்வீக ஊருக்குப் போன் போட்டார். அங்கே ஒரே மேகம், பிறை தெரியவில்லை. திரும்பி வந்து கூடத்தில் நின்றார்.

"ஊர்ல பிறை இல்லையாம் தம்பி. நாளைக்கு எனக்கு நோன்பு."

"தக்பீர் கேக்கலையா அண்ணே? நாம இருக்கிறது கொச்சியில."

"கேக்குது. ஆனா அத்தா மௌத்தாகிற வரைக்கும் நம்ம ஊர்ச் சொல்லைக் கேட்டுத்தான் பெருநாள் வச்சாரு. அதை விட எனக்கு மனசு வரலை."

"பெருநாள் அன்னிக்கு நோன்பு வைக்கிறது ஹராம்."

"ரமலான் நோன்பை விடுறது அதைவிடப் பெரிசுடா. நீ உன் பிறையைப் பாரு, நான் என் பிறையைப் பார்க்கிறேன்."

இங்கேதான் என் பதிப்பு தொடங்கும். நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பதிப்பு. கூடத்தின் நடுவே மிளகு மூட்டைகளை அடுக்கி எல்லை கட்டினோம். இந்தப் பக்கம் பெருநாள், அந்தப் பக்கம் ரமலான். எல்லை தாண்டுகிறவன் காலணியோடு சேர்த்து மார்க்கத்தையும் மாற்ற வேண்டும். வீட்டுப் பூனை மட்டும் இரண்டு தேசத்துக் குடியுரிமையும் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் விடியுமுன் ஸஹர் சாப்பாடும் இந்தப் பக்கம் பகல் சாப்பாடும் சாப்பிட்டது. பெரியத்தா காயலைத் தேக்சாவுக்குள் திருப்பிவிட்டார். ஒரு வாய் சாப்பிட்ட கோணிக்காரர் ஒருவர் அப்படியே உப்புத் தூணாகி நின்றார், இன்றைக்கும் ஜெட்டியில் படகுக் கயிறு கட்டுவது அவர்மேல்தான். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் ஏழு வருடம் பேசவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். மறுபடி சொல்லுங்கத்தா என்பாய். ஒவ்வொரு மறுபடிக்கும் உப்பு ஒரு மூட்டை கூடும்.

அன்று உண்மையில் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? உன் அம்மாவைக் கேள். அவள் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள் குறைக்கவும் மாட்டாள், அதனால்தான் அவள் சொல்கிற கதையை யாரும் கேட்பதில்லை. நபிமொழிகளைச் சலித்துப் பார்க்கிற ஹதீஸ் கலையில் அப்பேர்ப்பட்டவர்களுக்குத்தான் முதல் வரிசை. எனக்கெல்லாம் வாசலுக்கு வெளியே செருப்பு வைக்கிற இடம். அவள் சொல்வாள்: "உனக்குப் பெருநாள்னா நாலு பேர் சாப்பிட வருவாங்க. தேக்சாவுக்கு முன்னால நான்தான் நிப்பேன்னு மச்சான் உங்க அத்தாகிட்ட சொன்னாரு." நோன்போடு, வேகிற வெயிலில், நெருப்புக்கு முன்னால் நின்று, தனக்கு இல்லாத பெருநாளுக்கு அவர் சமைத்தார். பிரியாணியில் உப்பு கூடியது. இது வரைக்கும் எல்லா அறிவிப்பும் ஒத்துப்போகின்றன. மேற்கொண்டு கேள்.

பெருநாளுக்கு மறுநாள் நான் பஜாருக்குப் போகிறேன். அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் பெருநாள் என்பதை யாரும் பேசவில்லை. சாயாக்கடை குஞ்ஞுமோன் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டான். "எந்தா பாயி, மூத்த இக்கா தேஷ்யத்தில உப்பு வாரிக் கொட்டியோ?"

"யாரு சொன்னா?"

"நம்ம சுவாமி."

சுவாமி என்றது மணி சுவாமியை. திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பக்கத்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிற பாலக்காட்டுக்காரர். நல்ல மனிதர், வாழ்க்கையில் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. அவரைப் போய்ப் பார்த்தேன்.

"என்ன பாய், ஒங்க அண்ணா சமுத்திரத்தையே கவுத்துட்டாராமே. முதல் கவளத்துலயே நாக்கு மரத்துப்போச்சுன்னு கேள்வி. கோபத்துல போடற உப்பு அப்படித்தான் ஓய், தொண்டையிலேயே நிக்கும்."

"சுவாமி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"சிவசிவா."

"அப்ப யார் சொன்னா?"

"நம்ம குஞ்ஞுமோன்தான்."

குஞ்ஞுமோன் சுவாமியைச் சொல்கிறான். சுவாமி குஞ்ஞுமோனைச் சொல்கிறார். இருவருமே அன்று நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் பிரியாணியைத் தொடவே தொடாத சுவாமி சொன்ன அளவுக்கு உப்பின் விவரத்தைச் சாப்பிட்ட ஒருவன்கூடச் சொன்னதில்லை. நவாஸே, இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். தூரத்தில் இருந்தவனுடைய கதையில்தான் விவரம் கூடுதலாக இருக்கும். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு விவரம் பார்க்க நேரமில்லை.

உப்பு கூடியது என்பது ஒரு செய்தி. கோபத்தில் கொட்டினார் என்பது இன்னொரு செய்தி. முதலாவது நாக்கால் தெரிந்தது. இரண்டாவது யாருக்கு எதனால் தெரிந்தது? பஜார் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுத் தைத்துவிட்டது. நானும் அதே மூட்டையைத்தான் உனக்கு வேடிக்கையாக விற்றேன். நான் சொன்னபோது அதில் சிரிப்பு மட்டும் இருந்தது. நீ வளர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு ஆவியாகிப்போய் அடியில் ஒரு குற்றச்சாட்டு படிந்திருக்கிறது.

வீட்டை விட்டுப் போனார் என்றாயே, அதையும் உன் அம்மாவிடமே கேட்டுவிடு. அவள் உன்னை உண்டாகியிருந்தாள். இரண்டு அறையில் ஒன்று நிறைமாதக்காரிக்கும் பிள்ளைக்கும் வேண்டும் என்று பெரியத்தாவே சொல்லி, வைப்பினில் பெரியம்மாவின் பிறந்த வீட்டுப் பக்கம் ஜாகை பார்த்துக்கொண்டு போனார். போன பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது படகேறி வந்து உன் அம்மாவுக்குக் கரிமீன் கொடுத்துவிட்டுப் போனார். நீ தொட்டில் கட்டிக் கிடந்த அறை அவருடைய அறை. ஏழு வருடம் பேசாமல் இருந்ததாக நான் சொல்வேன். "ஒரு வாரம்கூட இல்லை, அதுவும் உங்க அத்தா வாய் வலிச்சுப் பல் பிடுங்கிக் கிடந்த வாரம்," என்பாள் உன் அம்மா.

இப்போது அந்தப் பேச்சாளரிடம் திரும்பு. நபித்தோழர்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை என்று எவனாவது உன்னிடம் சொன்னால் அவன் என்னைவிடப் பெரிய புளுகன், என் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேன். வந்தது. சின்னதும் வந்தது, மனம் பதைக்கிற பெரியதும் வந்தது. சின்னதை நீ மதரஸாவிலேயே படித்திருக்கிறாய். நபிகள் நாயகம் (ஸல்) ஒரு குடியிருப்பைச் சொல்லி, அங்கே போய்ச் சேரும்வரை யாரும் பிற்பகல் அஸர் தொழுகையைத் தொழ வேண்டாம் என்று தோழர்களை அனுப்பினார்கள். வழியிலேயே நேரம் வந்துவிட்டது. விரைந்து போகச் சொன்னதுதான் கருத்து, நேரத்தைத் தவறவிடச் சொன்னதல்ல என்று சிலர் வழியிலேயே தொழுதார்கள். சொன்னால் சொன்னதுதான் என்று மற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு தொழுதார்கள். விஷயம் நபியவர்களிடம் வந்தபோது இரு தரப்பில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பிறையும் அவர்களுக்குப் புதிதில்லை. ஷாம் என்கிற சிரியா தேசத்தில் ஒரு நாள் முந்திப் பிறை தெரிந்தது என்று அங்கிருந்து வந்தவர் சொல்லியும், நாங்கள் எங்கள் பிறையைப் பார்த்துத்தான் நோன்பு விடுவோம் என்று மதீனாவில் ஒரு பெரிய தோழர் சொன்னதாக உறுதியான அறிவிப்பு இருக்கிறது. பார்த்தாயா, எஸ்.டி.டி. பூத் வருவதற்கு எத்தனையோ நூறு வருடம் முந்தியே நம் வீட்டுக் கூடத்துச் சண்டை அங்கே நடந்து, ஒரு தேக்சாவும் கவிழாமல் முடிந்திருக்கிறது.

பெரியதைப் பற்றி நான் விளையாட மாட்டேன். பிற்காலத்தில் அவர்கள் இரண்டு அணியாக நின்றார்கள், ரத்தம் சிந்தியது. ஆனால் அந்த நாட்களைப் பற்றி வந்த செய்திகளில் பாதி, பிறகு கட்சி கட்டியவர்கள் தங்கள் கட்சிக்காகச் சுமந்து வந்தவை. அதனால்தான் அந்தக் குழப்பத்துக்குப் பிறகு அறிஞர்கள், உனக்கு யார் சொன்னது, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொன்னவன் அங்கே இருந்தானா, இருந்தவனையாவது பார்த்தானா, மறதிக்காரனா, என்னைப்போல வாய் நீளமானவனா, ஒரு பக்கம் சாய்ந்தவனா என்று ஒவ்வொருவனையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். சில செய்திகளின் தலையும் வாலும் வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் பப்பாளி விதை. அதையெல்லாம் சலித்த பிறகு மிச்சம் நிற்கிற உறுதியான செய்திகளில் நான் பார்ப்பது, நீதி எது என்று தேடித் தடுமாறிய மனிதர்கள், எதிரில் நின்று விழுந்தவரின் முகத்து மண்ணைத் துடைத்து அழுத மனிதர்கள். உன் பேச்சாளரின் குதிரைச் சத்தத்தில் அந்த அழுகை கேட்கவில்லை. நமக்காகத் தங்கள் முழு வாழ்க்கையையும் கொடுத்தவர்களை ஒரு கெட்ட நாளின் அரைகுறைச் செய்தியை வைத்து எடை போடாதே. நெஞ்சுக்குள் இருந்தது என்ன என்பதற்கு அல்லாஹ் ஒருவன்தான் சாட்சி. நம் நாவுக்கு அங்கே வேலையில்லை.

முயன்று தீர்ப்புச் சொன்னவருடைய தீர்ப்பு சரியாக இருந்தால் இரண்டு கூலி, தவறிப்போனால் ஒரு கூலி என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிறை விஷயத்தில் நானும் உன் பெரியத்தாவும் ஆளுக்கொரு பக்கம் முயன்றோம். ஆக எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று கூலி எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு யாருக்கு, ஒன்று யாருக்கு என்பதை மறுமையில் பார்த்துக்கொள்வதாக அவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் அவர் இரண்டு விரலைக் காட்டித் தன் நெஞ்சைத் தொடுவார். நான் ஒரு விரலைக் காட்டி அவரைச் சுட்டுவேன். நீ அதை இத்தனை காலம் சண்டை மிச்சம் என்று நினைத்திருக்கிறாய்.

இவ்வளவும் சொன்ன பிறகு நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நீ என் மகன், என்னையே திருப்பிக் குத்துவாய். அத்தா, இதையும் நீங்கதானே சொல்றீங்க, உங்களை எந்தத் தண்ணியில போட்டுப் பார்க்கிறது என்பாய். சரியான கேள்வி. என்னைப் போட்டால் கட்டாயம் மிதப்பேன். ஆகவே என்னை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோர்ட் கொச்சிக்குப் போய், பைக்கை ஜங்கார் படகில் ஏற்றி அக்கரை சேர். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், வழி முழுக்க வாயைத் திறக்க மாட்டேன். இதுவும் நம்ப முடியாத கதைதான், தெரியும். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவரிடமே கேள். அவர் மறந்திருக்கலாம், மறைக்கவும் செய்வார். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை, எங்கள் இருவருக்கும் பங்கு வைத்தபோது அந்தப் பழக்கம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது. அதனால் கேட்டும் தெரியாமல் போனால், குறைந்தது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய். மாலை யார் கையால் என்பதை அதற்குப் பிறகு நீயே சொல். நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

உன் அம்மா இதைப் படிக்கும்போது இதுவரை எத்தனை தடவை நிறுத்தினாள் என்று தெரியவில்லை. மிளகு மூட்டை எல்லை பொய். பூனையை நாங்கள் வளர்த்ததே இல்லை. கோணிக்காரர் தூணாகவில்லை, தண்ணீர் கேட்டார், இரண்டாவது தட்டும் கேட்டார். கப்பல் வள்ளம்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் நிறுத்த மாட்டாள், ஏனென்றால் அவளுக்கும் அது தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் என் கதையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அன்று நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பெரியத்தா என்னைப் பார்க்கவில்லை. தம் போடுகிற நேரம். எப்போதும்போலக் கரண்டியில் கொஞ்சம் எடுத்தார், ஊதினார், உதடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் பிற்பாடு சொன்னார். ஆனால் அண்ணன் எப்போதும் பத்திரமான பக்கமே நிற்கிறவர். கரண்டியை அப்படியே தேக்சாவில் கவிழ்த்தார். உப்பை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, போதுமா போதாதா என்று தெரியாமல், தம்பியின் விருந்தில் குறை வந்துவிடக் கூடாதே என்கிற முகத்தோடு ரொம்ப நேரம் நின்றார். பிறகு போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டார். "ம்" வரவில்லை, மூடி விழுந்தது.

இதற்கு அறிவிப்பாளர் வரிசை கிடையாது, நவாஸ். நடுவில் யாரும் இல்லை. நான் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் இது மட்டும் உண்மை.

உன் அத்தா